சினிமாவில் பட்டம்: அமெரிக்கக் கல்லூரியா, சென்னையா, கொழும்பிலேயேவா?

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் காலத்தில் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. "சினிமா படிக்க விருப்பம். அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்று இருக்கிறதாம், முழுச் செலவையும் அவர்களே தருவார்களாம். அங்கே முயற்சி செய்வதா, பேசாமல் சென்னைக்குப் போவதா?" கேட்பவர்கள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பிள்ளைகள். சில வேளை பிள்ளையைத் தள்ளிவிட்டு அம்மாவே பேசுவார். அவருடைய கேள்வி வேறு: "படிச்சு முடிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். வழிகள் ஐந்து. அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, சென்னை, இலங்கையின் அரச பல்கலைக்கழகம், கொழும்பின் தனியார் நிறுவனம், கடைசியாக, வேறொரு பட்டம் படித்துக்கொண்டே பக்கத்தில் படம் எடுப்பது. என்னுடைய சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப் போகத் தெரியும், மறைக்கப் போவதில்லை.

## எதை வைத்து அளப்பது?

முதலில் பணம். எவ்வளவு என்பதோடு எந்த நாணயத்தில் என்பதையும் கேட்க வேண்டும். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், சில மாதங்களிலேயே 360ஐத் தாண்டியது. அந்த வருடம் பிள்ளைக்கு டொலரிலோ பவுணிலோ கட்டணம் கட்டிய வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது, அங்கே உண்மையில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்பது. சினிமாவைப் பார்க்கவும் அதைப் பற்றி யோசிக்கவும் எழுதவும் கற்பிக்கும் படிப்பு ஒன்று. கெமராவையும் ஒலியையும் படத்தொகுப்பையும் கையில் தரும் படிப்பு இன்னொன்று. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் போட்டிருக்கும்.

மூன்றாவது மொழி. பாடம் நடக்கும் மொழி, படப்பிடிப்புத் தளத்தில் பேசும் மொழி, நீங்கள் எடுக்க நினைக்கும் படத்தின் மொழி. கொழும்புத் தமிழ்ப் பிள்ளைக்கு இந்த மூன்றும் மூன்றாக இருக்கக்கூடும்.

நான்காவது ஆட்கள். கூடப் படிப்பவர்கள்தான் உங்கள் முதல் படத்தின் ஒளிப்பதிவாளரும் ஒலிப்பதிவாளரும். அவர்கள் எல்லோரும் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்தால் கொழும்பில் படம் எடுக்கும்போது யாரைக் கூப்பிடுவது?

கடைசியாக, சினிமா கைகொடுக்காத வருடங்களில் அந்தப் பட்டம் சோறு போடுமா என்பது. இதைக் கேட்டால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

## அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி

இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், குழப்பமும் இதில்தான் அதிகம்.

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பது சிறிய இடம். சுமார் 1,500 முதல் 3,000 மாணவர்கள், அநேகமாக எல்லோரும் இளங்கலை மாணவர்கள், பெரும்பாலும் வளாகத்திலேயே தங்கிப் படிப்பவர்கள். நான்கு வருடம். ஒரு தவணைக்கு நான்கு பாடம் என்ற கணக்கில் மொத்தம் 32 பாடங்கள் அளவில் வரும். பிரதான பாடத்தை முதல் நாளிலேயே சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் வருட முடிவுக்குள் சொன்னால் போதும். சினிமாவைப் பிரதான பாடமாக எடுத்தால் அதற்குப் பத்துப் பன்னிரண்டு பாடங்கள். மிச்சமெல்லாம் வேறு: வரலாறு, புள்ளிவிபரம், ஒரு அந்நிய மொழி, உயிரியல், எது பிடிக்கிறதோ அது.

அதாவது நான்கு வருடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சினிமா. இதைக் கேட்டதும் சில பிள்ளைகளின் முகம் விழுந்துவிடும். எனக்கு இந்தப் படிப்பில் பிடித்ததே அந்த மற்ற இரண்டு பங்குதான். இருபது வயதில் எல்லோருக்கும் கெமரா கோணம் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும், கதையாகச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கும்.

சினிமாப் பாடம் பொதுவாக இப்படி நடக்கும். வாரத்துக்கு ஒரு திரையிடல், வகுப்பு நேரத்துக்கு வெளியே, பெரும்பாலும் மாலையில். பிறகு வகுப்பில் அந்தப் படத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பேசுவது. ஏன் இந்த இடத்தில் வெட்டினார், கெமரா ஏன் நகரவில்லை, ஒலி ஏன் முன்னதாகவே வந்துவிட்டது? பிறகு அதை எழுதுவது, திருத்தி வாங்கி மறுபடி எழுதுவது. மௌனப் படக் காலம், ஹொலிவுட் ஸ்டூடியோக் காலம், ஐரோப்பா, ஜப்பான், இந்தியா என்று வரலாறு. அதன்பின் கோட்பாடு. நடுவில் ஒன்றிரண்டு தயாரிப்புப் பயிற்சி வகுப்புகள். நான்காம் வருடத்தில் ஒரு குறும்படம், திரைக்கதை அல்லது ஆய்வுக் கட்டுரை.

ஒரு கல்லூரிக்கும் இன்னொன்றுக்கும் குணம் வேறு. விண்ணப்பிப்பவர்கள் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன், பெயரில் பல்கலைக்கழகம் என்று இருந்தாலும் அளவிலும் முறையிலும் லிபரல் ஆர்ட்ஸ்தான். ஒரு படம் பார்வையாளரை எப்படி இழுத்துப் பிடிக்கிறது என்று வடிவத்தைப் பிரித்துப் பார்ப்பதில் அவர்களுக்குப் பெயர். ஹொலிவுட்டைக் கீழாகப் பார்க்காத இடம். ஃபிராங்க் காப்ரா, இங்கிரிட் பெர்க்மன் போன்றோரின் ஆவணங்கள் அவர்களுடைய சினிமாக் காப்பகத்தில் இருக்கின்றன. நியூயோர்க் மாநிலத்தில் உள்ள பார்ட் கல்லூரி நேர் எதிர்ப்பக்கம். அங்கே சினிமாத் துறையைக் கட்டியெழுப்பியவர் அடோல்ஃபாஸ் மேக்காஸ். பரீட்சார்த்தப் படங்கள், 16 மில்லிமீற்றர் ஃபிலிம் என்று அதன் உலகம் வேறு. மாசசூசெட்ஸில் உள்ள அம்ஹெர்ஸ்டில் படித்தால் ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் போன்ற அயல் கல்லூரிகளின் வகுப்புகளையும் எடுக்கலாம், அதனால் சினிமாப் பாடங்களின் தெரிவு பெருகும். மணிரத்னம் மாதிரிப் படம் எடுக்க ஆசைப்படும் பிள்ளை பார்டுக்குப் போனால் முதல் தவணையே திணறும். அதற்குக் கல்லூரியைக் குறை சொல்ல முடியாது.

இனிப் பணம். கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து இந்த வகைக் கல்லூரிகளில் ஆண்டுக்கு 85,000 டொலர் அளவிலும் அதற்கு மேலும் போகிறது. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு இரண்டரைக் கோடி, நான்கு வருடத்துக்குப் பத்துக் கோடி. இந்தப் பணத்தைக் கையிலிருந்து கட்டி சினிமா படிக்க வேண்டும் என்று எந்தக் குடும்பத்துக்கும் நான் சொல்ல மாட்டேன். கடன் வாங்கி என்றால் கட்டாயம் மாட்டேன்.

ஆகவே நிதி உதவி கிடைத்தால் மட்டுமே இது ஒரு வழி. "முழுச் செலவையும் தருவார்கள்" என்பது பொய் அல்ல, ஆனால் பாதிக் கதை. வெளிநாட்டு மாணவரின் குடும்ப வருமானத்தைப் பார்க்காமலே சேர்க்கை முடிவை எடுத்து, பிறகு தேவையான உதவியையும் முழுதாகத் தரும் கல்லூரிகள் மிகச் சிலதான். அம்ஹெர்ஸ்டும் போடொயினும் அப்படியானவை. வெஸ்லியன், வாஸர், ஸ்வார்த்மோர் போன்றவை, சேர்த்துக்கொண்டவருக்குத் தேவையான உதவியைத் தருகின்றன. ஆனால் யாரைச் சேர்ப்பது என்று பார்க்கும்போதே, இவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டிவரும் என்பதையும் கணக்கில் எடுக்கின்றன. அம்ஹெர்ஸ்ட், போடொயின், ஸ்வார்த்மோர் ஆகியவற்றில் நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்கும் குறைவாகவே இடம் கிடைக்கிறது. எங்கள் பள்ளியில் முதலாவது என்பது அங்கே சாதாரண விஷயம். அங்கே விண்ணப்பிப்பவர்களில் பாதிப்பேர் எங்கோ ஒரு பள்ளியில் முதலாவதாக வந்தவர்கள்தான்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். "தேவை" எவ்வளவு என்பதை நீங்கள் சொல்வதில்லை, கல்லூரி கணக்கிடும். சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற படிவத்தில் வருமானத்தோடு சொத்தையும் கேட்பார்கள். கொழும்புக் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மாதச் சம்பளம் சின்னது, ஆனால் வெள்ளவத்தையில் தாத்தா காலத்து வீடு ஒன்று இருக்கிறது. அதன் இன்றைய சந்தைப் பெறுமதியை எழுதியதும், காகிதத்தில் நீங்கள் பணக்காரர். கனடாவிலிருந்து மாமா அனுப்பும் பணமும் கணக்கில் வரலாம். வீட்டை விற்காமல் கட்ட முடியாத ஒரு தொகையை "உங்கள் பங்கு" என்று எழுதி அனுப்புவார்கள்.

அதற்கு மேல் வெளிநாட்டு மாணவராகப் பதிவதற்கான செவிஸ் கட்டணம் 350 டொலர், வீசா விண்ணப்பக் கட்டணம் 185 டொலர், விமானச் சீட்டு, மருத்துவக் காப்புறுதி, குளிருடுப்பு. கோடை விடுமுறையில் விடுதி மூடினால் எங்கே தங்குவது என்ற கேள்வியும் இருக்கிறது. தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம், வெளியே நினைத்தபடி செய்ய முடியாது. இறுதி வருடப் படத்துக்குக் கெமரா கல்லூரி தரும். நடிகர்களின் சாப்பாடு, போக்குவரத்து, ஹார்ட் டிஸ்க் எல்லாம் பெரும்பாலும் உங்கள் பையிலிருந்துதான்.

படிப்பு முடிந்ததும் அமெரிக்காவில் வேலை செய்ய 12 மாத அனுமதி கிடைக்கும். விஞ்ஞான, தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கு மேலும் 24 மாதம் உண்டு, சினிமாப் பட்டத்துக்குப் பொதுவாக அது பொருந்தாது. படப்பிடிப்பில் கோப்பி வாங்கிக் கொடுக்கும் நிலையில் உள்ள ஒருவருக்கு வேலை வீசா எடுத்துத்தரும் தயாரிப்பு நிறுவனம் அபூர்வம். ஆகவே ஐந்தாம் வருட முடிவில் கட்டுநாயக்கவில் வந்து இறங்குவோம் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். இறங்கியதும் இங்குள்ள தயாரிப்பாளர் உங்கள் பட்டத்தைக் கேட்க மாட்டார், "என்ன எடுத்திருக்கிறீர்கள், காட்டுங்கள்" என்பார்.

அப்படியானால் யாருக்கு இது நல்லது? வாசிக்கிற பிள்ளைக்கு. எழுதப் பஞ்சிப்படாத பிள்ளைக்கு. இயக்கமா, விமர்சனமா, ஆய்வா, திரைப்பட விழா ஒழுங்கமைப்பா என்று இன்னும் முடிவெடுக்காதவருக்கு. பிறகு முதுகலை படிக்கப் போகிறவருக்கு இந்தப் பட்டம் நன்றாக உதவும். தெளிவாக எழுதவும் வாதிடவும் தெரிந்தவரை ஊடகமும் அரச சார்பற்ற நிறுவனமும் விளம்பர நிறுவனமும் எடுத்துக்கொள்ளும், அம்மாவின் கேள்விக்கும் அதில் ஒரு பதில் இருக்கிறது. முதல் நாளே கெமராவைத் தூக்க வேண்டும் என்று துடிப்பவருக்கு இது சரிவராது.

இந்தியாவிலும் லிபரல் ஆர்ட்ஸ் உண்டு என்று சொல்லிவிட வேண்டும். சோனிபத்தில் அசோகா, புனேயில் ஃபிளேம். செலவு அமெரிக்காவைப் போல் இல்லை, ஆனால் மலிவும் இல்லை. சினிமாவுக்கென்றே அங்கே போவதற்கு முன் அந்த வருடப் பாடப்பட்டியலில் சினிமா எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

## சென்னை

ஒன்றரை மணித்தியாலத்துக்குள் விமானம், தமிழ், தோசை. வீட்டாருக்கு மனம் ஆறும் தெரிவு இது.

இங்கே மூன்று விதமான இடங்கள். முதலாவது கலைக் கல்லூரிகளின் விஷுவல் கம்யூனிகேஷன், சுருக்கமாக விஸ்காம். லயோலா கல்லூரியின் விஸ்காம் எல்லோருக்கும் தெரிந்தது. மூன்று வருடப் பட்டத்தில் புகைப்படம், விளம்பரம், வரைகலை, தொலைக்காட்சி எல்லாம் வரும், சினிமா அதில் ஒரு பகுதி. இரண்டாவது தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி என்று பிரிவு பிரிவாக நான்கு வருடப் பட்டம். கட்டணம் குறைவு, பிரிவுக்குச் சொற்ப இடம்தான். தமிழ்நாட்டுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து நடத்தப்படுவது என்பதால், இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் விண்ணப்பிக்க முடியுமா என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்த பிறகே கனவு காண வேண்டும். மூன்றாவது, எல்.வி. பிரசாத் போன்ற தனியார் அகடமிகள். கைவேலை நன்றாகக் கற்பிப்பார்கள், கட்டணம் அதற்கேற்ற மாதிரி.

சென்னையின் பெரிய பாடசாலை வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. ஒரு இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்து வருடக்கணக்கில் நின்று தொழில் பழகுவதுதான் அங்கே வழி. சிக்கல் என்னவென்றால் மாணவர் வீசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. படப்பிடிப்பில் வேலை செய்ய, தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தின் சங்க அங்கத்துவம் என்ற தடை வேறு இருக்கிறது. படிப்பு முடிந்ததும் வீசா முடியும், சரியாக உதவி இயக்குநர் வாழ்க்கை தொடங்க வேண்டிய நேரத்தில். "எப்படியாவது சமாளிக்கலாம்" என்று சொல்கிறவர்களை நம்பிப் போகாதீர்கள். பிடிபட்டால் சமாளிக்க வேண்டியது நீங்கள், அவர்கள் அல்லர்.

எங்கள் ஆட்கள் போய் வென்றதில்லையா? பாலு மகேந்திரா மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். முதலில் பெயர் எடுத்தது மலையாளத்தில், பிறகுதான் தமிழ். ஆனால் அவர் போன காலமும் இலங்கையரின் வீசா நிலையும் வேறு. அவரைக் காட்டி இன்று முடிவெடுக்க முடியாது.

பணப்பக்கம் நம்பிக்கை தரக்கூடியது. கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் வருடாவருடம் அறிவிக்கும் நேரு நினைவுப் புலமைப்பரிசில் போன்றவை இளங்கலைப் படிப்புக்கும் உண்டு. உயர்தரப் பெறுபேறு நன்றாக இருந்தால் முயன்று பாருங்கள்.

சின்ன முறைப்பாடு ஒன்று. சென்னையில் மூன்று வருடம் இருந்துவிட்டு வருகிறவர்களின் திரைக்கதையில் கிளிநொச்சி அப்பாவும் மைலாப்பூர்க்காரர் போலப் பேசத் தொடங்குகிறார். காது சீக்கிரம் மாறிவிடும். தமிழகத்துக்குப் படம் எடுக்கப் போகிறவருக்கு அது வரம், எங்கள் கதையை எடுக்க நினைப்பவருக்குக் கொஞ்சம் அவதானம் தேவை.

## இலங்கையின் அரச பல்கலைக்கழகம்

கட்டணம் இல்லை. மற்ற நான்கு வழிகளுக்கும் இல்லாத பெருமை இது. இசட் புள்ளி வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் சினிமா சார்ந்த கற்கைநெறிகளைத் தேடினால் களனிப் பல்கலைக்கழகத்தில் திரைப்பட, தொலைக்காட்சிக் கற்கை இருக்கிறது. கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம், ஹொரணையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபாலி வளாகம். இப்படியான கற்கைநெறிகளில் சிலவற்றுக்கு இசட் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்கான விண்ணப்பத்தைத் தனியாகக் கோருவார்கள், பத்திரிகை விளம்பரத்தைத் தவறவிட்டால் அந்த வருடம் போனது.

தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைக்குத் தடை எதுவென்று தெரிந்ததே. இந்த வகுப்புகள் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கின்றன. தமிழில் என்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஊடகக் கற்கை, மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்றவற்றைப் பார்க்கலாம். அவை சினிமாப் பள்ளிகள் அல்ல, ஆனால் சினிமாவுக்குப் பக்கத்து வீடுகள். 2015இலிருந்து யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழாவும் நடக்கிறது. கொழும்பை விட்டு வடக்கே போய்ப் படிப்பதை ஏன் யாரும் ஒரு தெரிவாகவே யோசிப்பதில்லை என்று எனக்குப் புரிந்ததில்லை.

ஆனால் சிங்களம் சரளமாகப் பேசும் கொழும்புப் பிள்ளை இருக்கிறாரே, அவர் களனியைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். இந்த நாட்டில் திரைப்படம், தொலைக்காட்சி நாடகம், விளம்பரம் எல்லாவற்றிலும் தளத்தில் ஓடுவது சிங்களம். லைட் போடுபவரும் படத்தொகுப்பாளரும் தயாரிப்பு நிர்வாகியும் அந்த வகுப்பறைகளிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள வட்டத்திலிருந்தும்தான் வருகிறார்கள். நான்காவது அளவுகோலில் இதற்கு நிகர் இல்லை.

மறைந்திருக்கும் செலவு காலம். பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, வளாகத்துக்குள் நுழைய ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும். இடையில் வேலைநிறுத்தம் வந்தால் நான்கு வருடப் பட்டம் ஐந்தாகும். பகிடிவதை பற்றியும் முதலிலேயே பிள்ளையோடு பேசிவிடுங்கள்.

## கொழும்புத் தனியார் நிறுவனம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம், கொழும்பில் வகுப்பு, மூன்று வருடம். மொழி ஆங்கிலம், வீட்டுச் சாப்பாடு.

சேருவதற்கு முன் ஐந்து விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். பட்டத்தைத் தருவது யார்? உள்ளூர்க் கட்டணத்துக்கு மேல் பவுணில் தனியாகப் பல்கலைக்கழகக் கட்டணம் உண்டா? பாடங்களில் எத்தனை உண்மையாகவே சினிமா, எத்தனை பொதுவான ஊடகம், சந்தைப்படுத்தல்? ஒரு வகுப்புக்கு எத்தனை கெமரா? கற்பிப்பவர் கடைசியாக எப்போது படம் எடுத்தார்? பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில். அரச வேலை எண்ணம் இருந்தால், பட்டம் தரும் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பட்டத்துக்கும் அப்படித்தான்.

விளம்பர உலகத்துக்குள் சீக்கிரம் நுழைய விரும்புகிறவருக்கு, அதுவும் படிக்கும்போதே பகுதிநேர வேலை செய்ய முடிகிறவருக்கு, இது பொருந்தும். மற்றவர்களுக்கு நான் அவ்வளவாகச் சொல்வதில்லை.

## வேறொரு பட்டம், பக்கத்தில் படம்

என் சாய்வு இங்கேதான்.

புனேயிலுள்ள இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்திலும் கொல்கத்தாவின் சத்யஜித் ரே நிறுவனத்திலும் இயக்கம், ஒளிப்பதிவு போன்ற பிரதான படிப்புகளுக்கு இளங்கலைப் பட்டம் வேண்டும். எந்தத் துறையிலும் இருக்கலாம். அதாவது ஆசியாவின் மதிப்புமிக்க சினிமாப் பள்ளிகளில் இரண்டு, "முதலில் வேறு ஏதாவது படித்துவிட்டு வாருங்கள்" என்கின்றன. 2005இல் கான் விழாவில் முதல் பட இயக்குநருக்கான கேமரா தோர் விருது பெற்ற எங்கள் விமுக்தி ஜயசுந்தர புனேயில் படித்தவர். அசோக ஹந்தகம கணிதம் படித்தவர், மத்திய வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே படம் எடுத்தவர். இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் பத்திரிகையிலிருந்து வந்தவர்.

எனவே உளவியலோ, சட்டமோ, கணக்கியலோ, தமிழோ, கிடைக்கிற பட்டத்தைக் கையில் எடுங்கள். இசட் புள்ளி காணாவிட்டால் நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, மற்றப் பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பட்டங்களும் இருக்கின்றன. கூடவே கொழும்பு 7ஐ ஒரு வளாகமாக்கிக்கொள்ளுங்கள். கிரகரி வீதியில் ஜெர்மன் கலாசார நிலையமான கோத்தே நிறுவனம், பார்ன்ஸ் பிளேஸில் பிரெஞ்சுக் கலாசார நிலையமான அலியான்ஸ் பிரான்ஸே, பௌத்தாலோக மாவத்தையில் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனம். இவற்றில் திரையிடல்களும் பட்டறைகளும் நடந்துகொண்டே இருக்கும், செலவு மிகக் குறைவு, சில வேளை இலவசம். இலங்கை தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவகத்தில் கெமரா, படத்தொகுப்பு என்று குறுகிய பயிற்சிகள் உண்டு. படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசோல்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். கெமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள், மைக்கை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். படம் மங்கினால் பார்வையாளர் பொறுப்பார், வசனம் கேட்காவிட்டால் எழுந்து போவார்.

இந்த வழியின் மறைந்த செலவு பெரியது. யாரும் உங்களைத் தள்ள மாட்டார்கள். கெடு இல்லை, ஆசிரியர் இல்லை, உங்கள் படம் மோசம் என்று முகத்துக்கு நேரே சொல்ல வகுப்புத் தோழர் இல்லை. முதல் வருடம் உற்சாகம், இரண்டாம் வருடம் கல்யாண வீடியோ, மூன்றாம் வருடம் கல்யாண வீடியோ மட்டும். இப்படிக் கரைந்தவர்கள் எத்தனையோ பேர். அதனால் தனியாக இறங்க வேண்டாம். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, மாதம் ஒரு படம் பார்த்துப் பேசுவது, தவணைக்கு ஒரு குறும்படம் என்று ஒருவருக்கொருவர் கெடு வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒழுக்கம் இல்லாதவருக்குக் கல்லூரிதான் சரி.

## ஒரே பார்வையில்

| வழி | காலம் | பணம் | அதிகம் கிடைப்பது | மறைந்திருப்பது |
|---|---|---|---|---|
| அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் | 4 வருடம் | உதவி கிடைத்தால் மட்டுமே | பார்வை, எழுத்து, பரந்த படிப்பு | "குடும்பப் பங்கு", 12 மாத வேலை அனுமதி |
| சென்னை | 3–4 வருடம் | நடுத்தரம், புலமைப்பரிசில் உண்டு | தமிழ்த் திரைத்துறையின் நெருக்கம் | வீசாவில் வேலை செய்ய முடியாமை |
| அரச பல்கலைக்கழகம் | 3–4 வருடம், காத்திருப்புத் தனி | கட்டணம் இல்லை | உள்ளூர் ஆட்கள் | மொழி, தாமதம் |
| தனியார் நிறுவனம் | 3 வருடம் | அதிகம், ஒரு பகுதி பவுணில் | ஆங்கிலம், விளம்பரத் தொடர்பு | நாணய மாற்று |
| வேறு பட்டம் + படம் | பட்டத்தைப் பொறுத்தது | மிகக் குறைவு | மாற்றுத் தொழில், முதுநிலைக்கு வழி | சுய ஒழுக்கம் |

## அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்பதென்றால்

விண்ணப்பிப்பதில் நட்டம் இல்லை. மற்ற வழிகளை மூடாமலே இதையும் செய்து பார்க்கலாம். கொழும்பில் புல்பிரைட் ஆணைக்குழுவின் கீழ் அமெரிக்காவில் படிக்க விரும்புவோருக்கான எடியூகேஷன் யூ.எஸ்.ஏ. ஆலோசனை இருக்கிறது, முகவருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அங்கே போங்கள். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்குக் கேட்கலாம், பல கல்லூரிகள் தருகின்றன.

வழமையான விண்ணப்பத்தின் கடைசித் திகதி ஜனவரி முதல் வாரத்தை அண்டி வரும், முற்கூட்டிய சுற்று நவம்பரில். உயர்தரப் பரீட்சை நவம்பர், டிசம்பரை அண்டி வரும் வருடங்களில் இரண்டும் மோதும். கட்டுரைகளை ஓகஸ்ட்டிலேயே எழுதத் தொடங்க வேண்டும், அல்லது பரீட்சை முடித்து அடுத்த சுற்றில் போட வேண்டும். இரண்டாவதே நிதானமானது. இடைப்பட்ட மாதங்களில் நான்கைந்து நிமிடக் குறும்படம் ஒன்றை ஒழுங்காக முடித்து விண்ணப்பத்தோடு இணைக்கலாம். கலைப் படைப்பு சேர்ப்பது பல கல்லூரிகளில் கட்டாயம் அல்ல, ஆனால் ஏற்றுக்கொள்வார்கள்.

கடைசியாக ஒரு பெட்டி. விண்ணப்பத்தில் "நிதி உதவி கேட்கிறீர்களா?" என்று வரும். இல்லை என்று போட்டால் வாய்ப்புக் கூடும் என்று யாராவது சொல்வார்கள். சொல்வதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் வெஸ்லியன் உட்படப் பல இடங்களில் சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு நான்கு வருடத்திலும் கேட்க முடியாது. பத்துக் கோடி இல்லாத வீடு என்றால் அந்தப் பெட்டியில் "ஆம்" போடுங்கள்.